காய்ச்சல் எத்தனையாவது நாள்? ரத்த ரிப்போர்ட்டைச் சரியாகப் படிக்கும் முறை

ரத்தம் கொடுக்க லேபுக்குக் கிளம்பும் முன் ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு வரி எழுதிக்கொள்ளுங்கள். காய்ச்சல் தொடங்கிய தேதியும் நேரமும் ஒரு வரி. இதுவரை போட்ட மாத்திரை, ஊசி ஒரு வரி. டெங்கு, டைபாய்டு, உண்ணிக் காய்ச்சல், சிஆர்பி என்று எந்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்திருந்தாலும், இந்த இரண்டு வரி இல்லாவிட்டால் ரிப்போர்ட்டில் வரும் எண்ணுக்குப் பாதி அர்த்தம்தான். ஏனென்றால் இவற்றில் பெரும்பாலானவை கிருமியைப் பார்ப்பதில்லை. கிருமியைக் கண்டு உடம்பு என்ன செய்தது என்பதைப் பார்க்கின்றன. உடம்பு ஒவ்வொன்றையும் அதற்குரிய நேரத்தில்தான் செய்யும். அழற்சி வந்தால் கல்லீரல் சுரக்கும் புரதமான சிஆர்பி சில மணி நேரத்தில் ஏறும். புதுத் தொற்றுக்கு முதலில் உருவாகும் ஐஜிஎம் எதிர்ப்பொருள் வர நான்கைந்து நாளாகும். சீக்கிரம் போனால் இருக்கும் நோயே ‘நெகட்டிவ்’ என்று வரும். தாமதமாகப் போனால் போன மாத நோய் இன்றைய காய்ச்சலின் பெயரில் வந்து நிற்கும்.

காய்ச்சல் தொடங்கிய நாளை 1 என்று எண்ணுங்கள். திங்கள் மாலை உடம்பு சுட்டது என்றால் திங்கள்தான் முதல் நாள். வியாழன் நான்காம் நாள். டாக்டரிடம் போன நாளிலிருந்து எண்ணுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. அடுத்தது, பாராசிட்டமால் போட்டுச் சூடு இறங்கிய நாளைக் கணக்கில் விட்டுவிடுவது. சூடு இறங்கினாலும் நாள் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

டெங்கு: மூன்று பெயர், மூன்று கடிகாரம்

டெங்கு கார்டில் (சில நிமிடத்தில் முடிவு தரும் சோதனை அட்டை) என்எஸ்1, ஐஜிஎம், ஐஜிஜி என்று மூன்று கோடுகள் இருக்கும். இவற்றில் என்எஸ்1 மட்டும் வைரஸின் புரதம். மற்ற இரண்டும் உடம்பின் பதில்: ஐஜிஎம் முதலில் வரும் எதிர்ப்பொருள், ஐஜிஜி பின்னால் வந்து நீண்ட காலம் தங்கும் எதிர்ப்பொருள். அதனால் 1 முதல் 5-ஆம் நாள் வரை என்எஸ்1 கேளுங்கள். 5-ஆம் நாளுக்குப் பிறகு ஐஜிஎம் கேளுங்கள். 4, 5, 6 என்ற இடைப்பட்ட நாட்களில் இரண்டையும் சேர்த்துச் செய்வதே நல்லது. முதல் நாள் காலையில் கிடைத்த ‘ஐஜிஎம் நெகட்டிவ்’ சீட்டை வைத்து டெங்கு இல்லை என்று வீட்டில் இருந்துவிடுவது ஆபத்து. அன்றைக்கு ஐஜிஎம் வந்திருக்கவே முடியாது.

இரண்டாம் முறை டெங்கு வருபவர்களிடம் கணக்கு மாறுகிறது. பழைய நினைவு இருப்பதால் ஐஜிஜி நாலைந்து நாளுக்குள்ளேயே வேகமாக மேலேறும். ஐஜிஎம் கொஞ்சமாக வரும், சிலருக்கு வராமலே போகும். அந்த ஐஜிஜி வைரஸின் என்எஸ்1 புரதத்தைப் பிடித்து மூடிக்கொள்வதால் என்எஸ்1 சோதனையும் தவறிப் போகலாம். ஆக, மோசமாக வாய்ப்புள்ள இரண்டாம் டெங்குவில்தான் ரிப்போர்ட் ஏமாற்றுவதும் அதிகம். டெங்கு சுற்றிக்கொண்டிருக்கும் ஊரில் 4-ஆம் நாளில் ‘ஐஜிஜி மட்டும் பாசிட்டிவ்’ என்று வந்தால் அதைப் பழைய கதை என்று தள்ளாதீர்கள். உண்மையிலேயே பழையதாகவும் இருக்கலாம். கார்டு அதைப் பிரித்துச் சொல்லாது. எலைசா என்ற லேப் முறையில் அளவு பார்த்து, இரண்டு மூன்று நாள் கழித்து இன்னொரு மாதிரி கொடுத்தால் தெரியும். தேசிய டெங்கு தடுப்புத் திட்டமும் கார்டை விட எலைசாவையே ஏற்கிறது. அரசு மையங்களுக்கான ஐஜிஎம் எலைசா கிட் புனே தேசிய வைராலஜி நிறுவனத்திலிருந்து வருகிறது.

ஐஜிஎம் இரண்டு மூன்று மாதம் ரத்தத்தில் தங்கும். அக்டோபரில் டெங்கு வந்து தேறியவருக்கு டிசம்பரில் வேறு காய்ச்சல் வந்தால், ஐஜிஎம் பாசிட்டிவ் என்றே வரலாம். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் டெங்குவின் உறவுக்காரன் என்பதால் அதன் தொற்றோ தடுப்பூசியோ கூடக் குறுக்கே வரும்.

டெங்கு என்று உறுதியான பிறகு என்எஸ்1-ஐத் திரும்பத் திரும்பச் செய்வதில் பயனில்லை. அந்தப் பணத்தைத் தினமும் ஒரு முழு ரத்த எண்ணிக்கைக்குச் செலவிடுங்கள். எல்லோரும் பிளேட்லெட்டை மட்டும் பார்ப்பார்கள். அதற்குப் பக்கத்தில் இருக்கும் ஹிமட்டோகிரிட்டை, அதாவது ரத்தத்தில் சிவப்பணு எத்தனை சதவீதம் என்ற எண்ணைப் பாருங்கள். சில ரிப்போர்ட்டில் பிசிவி என்று இருக்கும். ரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசியும்போது ரத்தம் கெட்டியாகி இந்த எண் ஏறும். முதலில் 36 இருந்தது 43-ஐத் தாண்டினால் அது 20 சதவீத ஏற்றம், உடனே ஆஸ்பத்திரி. இது நடப்பது பெரும்பாலும் காய்ச்சல் விட்டு, ‘அப்பாடா’ என்று வீடு மூச்சு விடும் 4 முதல் 7-ஆம் நாளுக்குள். கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், சிறுநீர் குறைவது, சோர்ந்து படுப்பது இவற்றில் ஒன்று இருந்தாலும் எந்த ரிப்போர்ட்டுக்கும் காத்திருக்க வேண்டாம். டெங்கு சந்தேகம் இருக்கும் வரை ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் ஊசி மூன்றும் கூடாது.

வைடால் ஒன்றை வைத்து டைபாய்டு என்று முடிவு கட்டாதீர்கள்

ஃபெர்னாண்ட் வைடால் இந்தப் பரிசோதனையை வெளியிட்டது 1896-இல். இன்னும் தெருவுக்குத் தெரு செய்யப்படுகிறது, ஏனென்றால் மலிவு, சில நிமிடத்தில் முடிவு. ஆனால் நம் ஊரில் தண்ணீர், உணவு வழியாக இந்தக் கிருமிக் குடும்பத்தைச் சந்திக்காதவர்கள் குறைவு. வைடால் பார்ப்பது இந்தக் கிருமிக்கு எதிரான ‘ஓ’, ‘எச்’ என்ற இரண்டு எதிர்ப்பொருள்களை; 1:80 என்றால் ரத்தநீரை 80 மடங்கு நீர்த்த பிறகும் தெரிகிறது என்று பொருள். எந்தக் காய்ச்சலும் இல்லாதவரின் ரத்தத்திலேயே ‘ஓ’ 1:40, 1:80 அளவில் இருக்கும். மலேரியா, டெங்கு, கல்லீரல் சுருக்கம் எதுவும் பழைய நினைவைக் கிளறி எண்ணை உயர்த்தும். ‘ஓ’ எதிர்ப்பொருள் முதல் வாரக் கடைசியில்தான் தலைகாட்டும். ‘எச்’ 10-ஆம் நாளுக்குப் பக்கத்தில். மூன்றாம் நாள் காய்ச்சலுக்கு வைடால் எடுத்து 1:80 பார்த்து ஊசி தொடங்குவதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

வைடால் பயன்பட ஒரே வழி ஜோடி மாதிரி. முதல் மாதிரியை முதல் வாரத்தில் எடுத்து, 10 முதல் 14 நாள் கழித்து அதே லேபில், அதே முறையில் இரண்டாவதை எடுக்க வேண்டும். 1:40 என்பது 1:160 ஆனால் நான்கு மடங்கு, அது பேசும். 1:80 என்பது 1:160 ஆவது ஒரு குழாய் வித்தியாசம், கண் பார்வையில் வரும் பிசகு. ஸ்லைடில் செய்ததையும் குழாயில் செய்ததையும் ஒப்பிடவே கூடாது.

டைபாய்டைப் பிடிக்க வேண்டுமானால் ஆன்டிபயாட்டிக்கின் முதல் டோஸுக்கு முன்னால் ரத்த கல்ச்சர், அதாவது ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை. பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி. 3 மில்லி மட்டும் எடுத்துவிட்டு ‘வளரவில்லை’ என்றால் அது எடுத்த ரத்தம் போதாத குறை. டைபாய்டில் ஒரு மில்லிக்கு ஒரு கிருமி கூட இருக்காமல் போகலாம். தோலை ஆல்கஹால் கலந்த குளோர்ஹெக்ஸிடினால் தேய்த்து 30 விநாடி காயவிட்டு ரத்தம் எடுங்கள். ரத்தம் விட்ட கல்ச்சர் பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது. எல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் கல்ச்சர் பிடிப்பது பாதியைச் சற்றுத் தாண்டித்தான். ஆனால் வளர்ந்துவிட்டால் எந்த மருந்து கேட்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும். வைடாலால் அது ஒருநாளும் முடியாது. இன்னொன்று: சரியான மருந்து கொடுத்தாலும் டைபாய்டு காய்ச்சல் இறங்க நாலைந்து நாளாகும். இரண்டாம் நாளே மருந்தை மாற்றாதீர்கள்.

உண்ணிக் காய்ச்சலுக்கு முதலில் கண், பிறகு ரத்தம்

மழைக்காலம் தொடங்கிக் குளிர் முடியும் வரை தமிழ்நாட்டில் அதிகம் தவறவிடப்படும் காய்ச்சல் இது. புதரில் இருக்கும் நுண்ணிய உண்ணியின் குஞ்சு கடித்த இடத்தில், பலருக்குச் சிகரெட்டால் சுட்டது போல் ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது, அரிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்துக்குக் கீழ், இடுப்பில் துணி கட்டும் இடம், முதுகு, காதுக்குப் பின்னால் என்று ஆடை விலக்கி, நல்ல வெளிச்சத்தில் தேட வேண்டும். கிடைத்துவிட்டால் ஐஜிஎம் முடிவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. ஐஜிஎம் எலைசா 5 முதல் 7-ஆம் நாளுக்குப் பிறகே நம்பத் தகுந்தது, தேறிய பிறகும் பல மாதம் பாசிட்டிவாகவே நிற்கும். முதல் வாரத்தில் பொருக்கின் துணுக்கை எடுத்துப் பிசிஆர் செய்வது இதைவிடத் தெளிவு. வெய்ல்-ஃபெலிக்ஸ் என்ற பழைய பரிசோதனை பாதிப் பேரைத் தவறவிடும். நெகட்டிவ் என்றால் நிம்மதி அடையாதீர்கள்.

ஐந்து நாளைத் தாண்டிய காய்ச்சல், குறைந்த பிளேட்லெட், ஏறிய கல்லீரல் என்சைம், மூச்சுத் திணறல் சேர்ந்து வந்து, டெங்குவும் மலேரியாவும் இல்லை என்றால் டாக்சிசைக்ளின் தொடங்கிவிட்டு ரிப்போர்ட் பார்ப்பதுதான் நடைமுறை. நோய் முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட மேல் என்று, வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்தி 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. எலிக்காய்ச்சலுக்கும் நாள் கணக்கு ஏறக்குறைய இதேதான்: ஐஜிஎம், ஒரு வாரத்துக்குப் பக்கத்தில்.

சிஆர்பி, புரோகால்சிடோனின், ஈஎஸ்ஆர்

புரோகால்சிடோனின் பாக்டீரியாத் தொற்றில் ரத்தத்தில் ஏறும் பொருள்; ஈஎஸ்ஆர் என்பது ஒரு மணி நேரத்தில் சிவப்பணு குழாயில் எவ்வளவு கீழே படிகிறது என்ற எண். இந்த மூன்றும் நோயின் பெயரைச் சொல்லாது. அழற்சி என்ற நெருப்பு எரிகிறதா, எவ்வளவு எரிகிறது, அணைகிறதா என்று மட்டும் சொல்லும்.

சிஆர்பி ரிப்போர்ட்டில் முதலில் அலகைப் பாருங்கள். சில லேபுகள் மி.கி./லிட்டர் என்றும் சில மி.கி./டெசிலிட்டர் என்றும் தரும். இரண்டுக்கும் 10 மடங்கு வித்தியாசம். நேற்று ஓர் இடத்தில் 6, இன்று இன்னோர் இடத்தில் 60 என்றால் அலகு மாறியிருக்கலாம், நோய் அப்படியே இருக்கலாம். 1930-இல் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடிக்கப்பட்ட இந்தப் புரதம் கல்லீரலில் உருவாகிறது. தூண்டல் கிடைத்து 6 மணி நேரத்தில் ஏறத் தொடங்கி, இரண்டு நாளில் உச்சம் தொடும். அதனால் காய்ச்சல் வந்த மூன்றாம் மணி நேரத்தில் எடுத்த 4 என்ற எண் எதையும் மறுக்காது. லிட்டருக்கு 100 மி.கி.க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் பாக்டீரியா. ஆனால் 10 முதல் 60 வரை வைரஸ், டைபாய்டு, அறுவை சிகிச்சை, மூட்டு அழற்சி எதுவும் இருக்கலாம். அந்த இடத்தில் ஒற்றை எண்ணை வைத்து ஆன்டிபயாட்டிக் எழுதுவது ஊகம்தான்.

சிஆர்பியின் அருமை இரண்டாவது எண்ணில் இருக்கிறது. ரத்தத்தில் அதன் அரை ஆயுள் சுமார் 19 மணி நேரம். நெருப்பு அணைந்துவிட்டால் எண் வேகமாகச் சரியும். மருந்து தொடங்கி 48 முதல் 72 மணி நேரத்தில் 180 என்பது 80, 90 ஆகியிருந்தால் வழி சரி. 170 என்று நின்றால் மருந்து கேட்கவில்லை, அல்லது எங்கோ சீழ் கட்டியிருக்கிறது. ஸ்கேன் எடுத்துத் தேட வேண்டும். கல்லீரல் மோசமாகக் கெட்டவர்களுக்கும், முடக்குவாதத்துக்குத் தரும் டோசிலிசுமாப் போன்ற மருந்து எடுப்பவர்களுக்கும் பெரிய தொற்றிலும் சிஆர்பி ஏறாது. உடம்பின் எதிர்ப்பாற்றல் தன்னையே தாக்கும் லூப்பஸ் நோயில் ஒரு தனி வழக்கம் உண்டு. நோய் கிளர்ந்தால் ஈஎஸ்ஆர் ஏறும், சிஆர்பி அவ்வளவாக ஏறாது. லூப்பஸ்காரருக்குச் சிஆர்பியும் பாய்ந்திருந்தால் தொற்றைத் தேடுங்கள். மாரடைப்பு அபாயம் பார்க்கும் ஹெச்எஸ்-சிஆர்பியைக் காய்ச்சல் நேரத்தில் எடுப்பது வீண். உடம்பு நலமாக இருக்கும்போது, இரண்டு வாரம் விட்டு இரண்டு தரம் எடுக்க வேண்டும்.

புரோகால்சிடோனின் விலை அதிகம்; ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்குத்தான் பயன். 0.25 நானோகிராம்/மில்லிக்குக் கீழே பாக்டீரியா நிமோனியா வாய்ப்புக் குறைவு, 0.5-க்கு மேல் அதிகம். உச்சத்திலிருந்து 80 சதவீதம் இறங்கினாலோ 0.5-க்குக் கீழே வந்தாலோ, நோயாளியும் தேறியிருந்தால் ஆன்டிபயாட்டிக்கை நிறுத்த அது துணைநிற்கும். பிறந்து முதல் இரண்டு மூன்று நாள் குழந்தைக்கு இயல்பாகவே ஏறியிருக்கும். பெரிய ஆபரேஷன், தீக்காயம், சிறுநீரகச் செயலிழப்பிலும் ஏறும். மூடிக்கிடக்கும் சீழ்க்கட்டியிலும் இதய வால்வுத் தொற்றிலும் ஏறாமல் ஏமாற்றும்.

ஈஎஸ்ஆர் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். நிமோனியா குணமான பிறகும் வாரக்கணக்கில் உயர்ந்தே நிற்கும். அதைப் பார்த்து மருந்தை நீட்டாதீர்கள். ஆண்களுக்கு வயதில் பாதி, பெண்களுக்கு வயதோடு 10 கூட்டி அதில் பாதி என்பது மேல் வரம்புக்கு எளிய கணக்கு. 60 வயதுப் பெண்ணுக்கு 35 இயல்பே. ரத்தசோகையும் கர்ப்பமும் ஈஎஸ்ஆரைத் தாமாகவே உயர்த்தும். லேபில் செய்பவர் கவனிக்க: 3.8 சதவீத சோடியம் சிட்ரேட் 0.4 மில்லிக்கு ரத்தம் 1.6 மில்லி. நான்கு மணி நேரத்துக்குள் குழாயில் ஏற்றுங்கள். ஈஎஸ்ஆர் பார்க்கும் வெஸ்டர்கிரென் குழாய் 3 டிகிரி சாய்ந்தாலே எண் 30 சதவீதம் வரை ஏறும். சென்ட்ரிஃபியூஜ் வைத்த அதே மேசையில் ஸ்டாண்டை வைக்காதீர்கள். அதிர்வும் அதையே செய்யும்.

ஃபெரிட்டின் இந்தக் கூட்டத்தில் மாட்டிக்கொள்ளும் ஓர் இரும்புக் கணக்கு; உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் புரதம். அழற்சி இருந்தால் அது தானாக ஏறுவதால், இரும்புச்சத்துக் குறைவு மறைந்துவிடும். நலமானவருக்கு லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே குறைவு என்றால், தொற்றோ அழற்சியோ உள்ள பெரியவருக்கு 70-க்குக் கீழேயே குறைவு என்று எடுத்துக்கொள்ளும்படி 2020 உலக சுகாதார நிறுவன வழிகாட்டி சொல்கிறது. காய்ச்சலோடு ஃபெரிட்டின் பல ஆயிரங்களில் வந்து ரத்த அணுக்களும் சரிந்தால் அது அவசரம்; பெரிய மருத்துவமனைக்கு அன்றே போக வேண்டும்.

மூட்டு வலிக்கு ‘ஆர்ஏ ஃபேக்டர்’

முடக்குவாதம் உள்ள 10 பேரில் ஏழெட்டுப் பேருக்கு இது பாசிட்டிவ். காசநோய், தொழுநோய், ஹெபடைட்டிஸ் சி, இதய வால்வுத் தொற்று, வெறும் முதுமை இவற்றிலும் பாசிட்டிவ். அதனால் முடக்குவாதத்துக்கான இன்னொரு எதிர்ப்பொருள் சோதனையான ஆன்டி-சிசிபியும் சேர்த்துப் பாருங்கள். அது தவறாகப் பாசிட்டிவ் காட்டுவது அரிது. அதற்கும் முன்னால் விரல் மூட்டுகளைத் தொட்டுப் பார்க்க வேண்டும்: வீக்கம் இருக்கிறதா, காலையில் விறைப்பு அரை மணிக்கு மேல் நீடிக்கிறதா, ஆறு வாரம் ஆயிற்றா. சிக்குன்குனியா வந்து போனவருக்கு இதே விரல் மூட்டு வலி மாதக்கணக்கில் இருக்கும். காய்ச்சலோடு தொடங்கிய மூட்டு வலியா என்று கேட்டு, ஆம் என்றால் சிக்குன்குனியா ஐஜிஎம் பார்த்துவிட்டுத்தான் முடக்குவாதம் என்ற பெயரைச் சூட்ட வேண்டும்.

உடம்புச் செல்லின் உட்கருவுக்கே எதிரான எதிர்ப்பொருளான ஏஎன்ஏ 1:40 அளவில் நலமான நான்கைந்து பேரில் ஒருவருக்காவது இருக்கும். களைப்பு, முடி உதிர்வு என்று போனவருக்கு இதை எடுத்துவிட்டு லூப்பஸ் என்று பயமுறுத்துவது பெரிய கொடுமை. லூப்பஸ் வகைப்பாட்டின் 2019 விதியே 1:80-ஐ வாசல்படியாகத்தான் வைக்கிறது. உள்ளே நுழைய வேறு அறிகுறிகள் வேண்டும்.

பள்ளிப் பிள்ளைகளின் கால் வலிக்கு ஏஎஸ்ஓ என்ற ரத்தப் பரிசோதனை எடுத்து, 300 என்றவுடன் இதயத்தைத் தாக்கும் வாதக் காய்ச்சல் (ருமாட்டிக் ஃபீவர்) என்று 21 நாளுக்கு ஒரு பென்சிலின் ஊசி தொடங்கிவிடுகிறார்கள். ஏஎஸ்ஓ சொல்வது ஒன்றே: சில வாரத்துக்கு முன் தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வந்து போனது. பள்ளி வயதில் அது சாதாரணம். மூட்டு வீங்கி ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுகிறதா, இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம் உண்டா, எக்கோ என்ன சொல்கிறது என்று பாராமல், ஆண்டுக்கணக்கில் குத்தப்போகும் ஊசியைத் தொடங்கக் கூடாது.

ரத்தம் எடுப்பதற்கு முன்

முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று லேபில் பெரும்பாலும் கேட்க மாட்டார்கள்; நீங்களே சொல்லுங்கள். 5, 10 மி.கி. மாத்திரைகள் எதிர்ப்பொருளைக் கொண்டு அளக்கும் பல தானியங்கி இம்யூனோஅசே கருவிகளில் எண்ணைத் தாறுமாறாக்கும். அவசரமில்லாத பரிசோதனை என்றால் மூன்று நாள் நிறுத்திவிட்டுக் கொடுங்கள். ஆர்ஏ ஃபேக்டர் அதிகம் உள்ளவருக்கு எந்த நோயின் ஐஜிஎம்மும் பொய்யாகப் பாசிட்டிவ் வரலாம். தேடும் பொருள் அளவுக்கு மீறி இருந்தாலும் லேடெக்ஸ் திரட்டுச் சோதனை (மணிகள் ஒன்றாகத் திரள்கிறதா என்று கண்ணால் பார்ப்பது) நெகட்டிவ் காட்டும். நோயாளி மோசமாக இருந்து, இந்த முறையில் எடுத்த சிஆர்பி நெகட்டிவ் என்றால், சீரத்தை 10 மடங்கு நீர்க்கச் செய்து திரும்பப் போட்டுப் பாருங்கள்.

காசநோய்த் தொற்றைத் தோலில் சோதிக்கும் மாண்டூ ஊசியில் 0.1 மில்லி, முன்கையின் உள்பக்கம், தோலுக்குள். 6 முதல் 10 மி.மீ. கொப்புளம் எழவில்லை என்றால் ஆழமாகப் போய்விட்டது. வேறிடத்தில் திரும்பப் போட வேண்டும். 48 முதல் 72 மணிக்குள், சிவப்பை விட்டுவிட்டு, விரலுக்குத் தட்டுப்படும் தடிப்பைக் கையின் குறுக்குவாட்டில் அளக்க வேண்டும். இது பாசிட்டிவ் என்றாலும், அதையே ரத்தத்தில் பார்க்கும் ஐஜிஆர்ஏ பாசிட்டிவ் என்றாலும், கிருமி உடம்புக்குள் எப்போதோ வந்தது என்றுதான் அர்த்தம். இப்போது நோய் இருக்கிறதா என்பதைச் சளியில் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட்டும் எக்ஸ்ரேயும் சொல்லும். ரத்தத்தில் காசநோய் எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஜி, ஐஜிஎம் பரிசோதனைகளை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2011-இல் சொன்னது. இந்திய அரசு 2012-இல் தடை செய்தது. யாராவது ‘டிபி ஐஜிஎம்’ எழுதிக் கொடுத்தால், ரத்தம் கொடுக்காமல் சளி டப்பாவைக் கேட்டு வாங்குங்கள்.